மாசுக் கணக்கு எழுதியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அம்பத்தூர், போல்ட் கம்பெனி அக்கவுண்ட்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட், நட் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் பதினோரு வருஷமாகக் கணக்கு பார்க்கிறேன். காற்று மாசு, கரியமில வாயு பற்றியெல்லாம் கணக்கு எழுத வேண்டி வரும் என்று நான் நினைத்ததே இல்லை. என்னைப் போல இன்னும் எத்தனையோ பேர் இதை எழுதிக்கொண்டிருப்பீர்கள் என்பதால்தான் இந்தத் திரி.

2024 ஆகஸ்டில் ஜெர்மனியில் இருக்கும் எங்கள் வாடிக்கையாளரிடமிருந்து ஒரு எக்செல் ஃபைல் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சிபாம் (CBAM) விதி, அதாவது இறக்குமதிச் சரக்கின் கார்பனுக்கு எல்லையில் கணக்குக் கேட்கும் விதி. இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றை இறக்குமதி செய்பவர்கள் அந்தச் சரக்கைத் தயாரிக்கும்போது எவ்வளவு கார்பன் வெளியானது என்று 2025 முடியும்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சொல்லியாக வேண்டியிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் இது நடைமுறைக்கு வந்துவிட்டது. எங்கள் போல்ட் 7318 என்ற சுங்க எண்ணில் போகிறது, அதுவும் பட்டியலில் இருக்கிறது. 2024 ஜூலை 31 வரை கொடுத்த அறிக்கைகளில் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட பொது மதிப்பையே போட்டுக்கொள்ள விட்டார்கள். அதற்குப் பிறகு, சரக்கைத் தயாரித்த இடத்தின் உண்மையான கணக்கைக் கேட்டார்கள். கணக்கு தராவிட்டால் அபராதம் இறக்குமதி செய்பவருக்குத்தான். ஆனால் அடுத்த ஆர்டரை இழக்கப்போவது நாங்கள்.

முதல் நாளே ஒரு கன்சல்டன்ட் போனில் சொன்னார்: "ஏதாவது ஒரு நம்பரைப் போட்டு அனுப்புங்க மேடம், அங்கே உக்காந்து யாரு பாக்கப் போறா." அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பதினோரு வருஷத்தில் ஒரு வவுச்சரில்கூட நான் தெரியாத எண்ணை எழுதியதில்லை.

கரண்ட் கணக்கு சுலபம். ஈபி பில் இருக்கிறது. அந்த மூன்று மாதத்தில் 1,60,000 யூனிட். மத்திய மின்சார ஆணையம் 2022-23க்கு வெளியிட்ட எண், யூனிட்டுக்கு 0.716 கிலோ கரியமில வாயு. பெருக்கினால் 114 டன்னுக்கு மேல் வருகிறது. ஜெனரேட்டர் டீசலுக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 2.68 கிலோ. எல்பிஜிக்கு கிலோவுக்கு ஏறத்தாழ 3 கிலோ. இதுவரை சரி என்று நினைத்தபோது ஹீட் ட்ரீட்மென்ட் பார்க்கும் அண்ணன் கேட்டார்: "மெத்தனாலை எங்கேம்மா எழுதினே?" ஃபர்னஸுக்குள் சொட்டுச் சொட்டாக விடுவார்களே, அந்த மெத்தனால். கெமிக்கல் என்ற தலைப்பில் ஆசிட், ஆயிலோடு சேர்த்து அதற்கு நானேதான் வவுச்சர் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கிலோ மெத்தனால் முழுதாக எரிந்தால் 1.375 கிலோ கரியமில வாயு. பழைய பில்லையெல்லாம் பிரித்து எடுக்க இரண்டு நாள் ஆனது.

ஆனால் பெரிய எண் எங்கள் ஷெட்டுக்குள்ளேயே இல்லை. ஒரு டன் போல்ட்டுக்கு நாங்கள் சேர்ப்பது, எல்லாம் கூட்டினால், 600 கிலோவைத் தொடும். நாங்கள் வாங்கும் ஒயர் ராடு எங்களிடம் வரும்போதே டன்னுக்கு 2 டன்னுக்கு மேல் கரியமில வாயுவைச் சுமந்துகொண்டு வருகிறது. நிலக்கரி போட்டு ஊது உலையில் உருக்கிய எஃகா, மின் உலையில் பழைய இரும்பை உருக்கியதா என்பதைப் பொறுத்து இந்த எண் எங்கேயோ போய்விடும். அதைக் கண்டுபிடிக்க ஹீட் நம்பர் வேண்டும், அதாவது உலையில் ஒரு தடவை உருக்கிய எஃகுக்கு மில் கொடுக்கும் எண். நாங்கள் வாங்குவது டீலரிடம். டீலர் தரும் மில் சான்றிதழ் நகலின் நகல், நம்பர் பாதி அழிந்திருக்கும்.

அதனால் யார்டுக்குப் போனேன். ஒவ்வொரு காயிலிலும் (ஒயர் ராடு சுருள்) கம்பியால் கட்டிய ஒரு தகரத் துண்டு தொங்கும், அதில் ஹீட் நம்பரைக் குத்தியிருப்பார்கள். மொபைல் டார்ச்சை அடித்து, துருவைத் துணியால் துடைத்து, ஒன்றொன்றாக எழுதினேன். முப்பத்திரண்டு காயிலில் பத்தொன்பதுக்குத்தான் தகரம் இருந்தது. மற்றதெல்லாம் ஆசிட் தொட்டியில் இறக்குவதற்கு முன்னால் அறுத்து ஸ்கிராப்பில் போட்டாகிவிட்டது. போட்டவர் மேல் குற்றம் இல்லை. அந்தத் தகரத்தை வைத்துக்கொள்ள அதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

இப்போது தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகை, நிறைய ஆணி. காயிலை அவிழ்ப்பவர் தகரத்தை அதில் மாட்டிவிட்டுத்தான் இறக்குவார். இதுவரை செய்ததில் எனக்கு அதிக நிறைவு தந்தது அந்தப் பலகைதான். மில்லிலிருந்து உமிழ்வுக் கணக்கு வாங்க ஐந்து மாதம் மெயில் போட்டேன், அது தனிக் கதை. நீங்கள் சொல்லுங்கள்.

ஈரோடு, லேப் ஃபீல்டு ஆள்

மேடம், உங்கள் பலகையைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான் புகைபோக்கி மேலே ஏறி சாம்பிள் எடுப்பவன். ஸ்டாக் மானிட்டரிங். ஈரோடு, திருப்பூர் பக்கம் விறகு பாய்லர்கள்தான் அதிகம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புகைபோக்கியில் ஒரு துளை விட்டிருப்பார்கள், அதன் வழியாக ஒரு குழாயை உள்ளே விடுவோம். உள்ளே புகை என்ன வேகத்தில் போகிறதோ அதே வேகத்தில் நாங்களும் உறிஞ்ச வேண்டும். கூடக் குறைய உறிஞ்சினால் தூசு எண் தப்பாகிவிடும். தூசு ஒரு சின்ன விரலுறை மாதிரி இருக்கும் திம்பிளில் படியும். லேபில் உலர்த்தி, ஈரம் ஏறாமல் வைத்து, முன் எடைக்கும் பின் எடைக்கும் உள்ள மில்லிகிராம் வித்தியாசத்தைப் பார்ப்போம். அறிக்கையில் வரும் எண் அவ்வளவுதான். அந்த மில்லிகிராமுக்காகத்தான் வெயிலில் முப்பது மீட்டர் ஏணி ஏறுகிறோம்.

ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) நான் போன அன்று பாய்லர் மூன்றில் ஒரு பங்கு லோடில் ஓடியது. காலையில் டீக்கடையில் நின்றபோது அதே புகைபோக்கியில் கறுப்புப் புகையைப் பார்த்திருந்தேன். நாங்கள் வண்டியை உள்ளே விட்டதும் வெள்ளை. ஃபீல்டு ஷீட்டில் நீராவி அழுத்தம், விறகு போட்ட அளவு, லோடு எல்லாம் எழுதும் கட்டங்கள் உண்டு. நான் "லோடு 30 சதவீதம்" என்று எழுதினேன். மேனேஜர் அந்த வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். "எடுக்க முடியாதுங்க, முழு லோடுல ஓட்டுங்க, இருந்து எடுத்துட்டுப் போறேன்" என்றேன். ஓட்டவில்லை. அந்த வரியோடுதான் அறிக்கை போனது. அடுத்த வருஷம் எங்கள் லேபைக் கூப்பிடவில்லை. எங்கள் முதலாளி என்னைத் திட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

நான் எல்லாரிடமும் கேட்பது ஒன்றுதான்: மாசு வாரியத்துக்குக் கொடுக்கும் அறிக்கையை வாங்கி வைக்கும்போது அந்த ஃபீல்டு ஷீட்டையும் கேட்டு வாங்குங்கள். எண் எந்த நிலைமையில் பிறந்தது என்பது அதில்தான் இருக்கிறது.

அரியலூர் பக்கம், சிமென்ட் ஆலை கன்ட்ரோல் ரூம்

ஆள் வரும் நாளில் மட்டும் லோடைக் குறைத்துக்கொள்ளும் வசதியே எங்களுக்குக் கிடையாது நண்பரே. 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களுக்கு ஆன்லைன் கண்காணிப்புக் கருவி கட்டாயம் என்று உத்தரவு போட்டது. சிமென்ட், சர்க்கரை, காகிதம், தோல், அனல் மின்சாரம் எல்லாம் அதில் வரும். புகைபோக்கியில் பொருத்திய கருவி நேராக வாரியத்தின் சர்வருக்கு எண்ணை அனுப்பிக்கொண்டே இருக்கும். ராத்திரி, பண்டிகை, எதுவும் கிடையாது.

ஒரு தடவை நைட் ஷிப்ட்டில் இரண்டே முக்கால் மணிக்கு கார்பன் மோனாக்சைடு ஏறியது. அது ஏறினால் வெடிப்பு அபாயம், அதனால் தூசு பிடிக்கும் ஈஎஸ்பி தானாக அணைந்துவிடும். சில நிமிஷத்துக்கு மொத்தத் தூசும் வெளியே. திரையில் கோடு செங்குத்தாக எழுந்தது. என்னோடு இருந்த பையன் கருவியை மெயின்டனன்ஸ் என்று காட்டிவிடலாமா என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லி, நேரம், காரணம், எத்தனை நிமிஷம் என்று லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காலையில் விளக்கம் கேட்டார்கள். புத்தகத்தைக் காட்டினேன், முடிந்தது. எரிபொருள் செலுத்துவதில் இருந்த கோளாறைச் சரிசெய்ய லாக் புத்தகத்தின் அந்தப் பக்கம்தான் உதவியது.

ஆனால் ஒன்று. அந்தக் கருவி தூசு, கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகளைத்தான் பார்க்கிறது. கரியமில வாயுவுக்குத் தனிக் கணக்கு. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டாலே, எந்த எரிபொருளாக இருந்தாலும், ஒரு டன் கால்சியம் கார்பனேட்டிலிருந்து 440 கிலோ வாயு வந்தே தீரும். 2025 அக்டோபரில் சிமென்ட், அலுமினியம், காகிதம், குளோர்-ஆல்கலி (காஸ்டிக் சோடா, குளோரின்) ஆலைகளுக்கு ஒரு டன் உற்பத்திக்கு இவ்வளவுதான் என்று மத்திய அரசு இலக்கு வைத்துவிட்டது. அதனால் இப்போது கல்லின் தரத்தைச் சோதிக்கும் லேப் பெண்ணின் நோட்டும் எங்களுக்கு மாசுக் கணக்குதான்.

சென்னை, பங்குச் சந்தையில் உள்ள ஒரு கம்பெனி

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி 2022-23 முதல் சந்தை மதிப்பில் முதல் 1000 கம்பெனிகள் பிஆர்எஸ்ஆர் என்ற தொழில் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை கொடுக்க வேண்டும். நான் அதற்குத் தகவல் திரட்டுகிறேன். எங்களிடம் புகைபோக்கியே இல்லை, எல்லாம் அலுவலகம், கிடங்குதான். அதனால் டீசல், கரண்ட் இரண்டோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

ஏசி மெக்கானிக்கின் பில் அந்த நினைப்பை மாற்றியது. "கேஸ் ஃபில்லிங் - 1" என்று மட்டும் இருந்தது. எத்தனை கிலோ, என்ன கேஸ் என்று போன் போட்டுக் கேட்டேன். ஆர்-410ஏ, அந்தக் கிளையில் மட்டும் வருஷத்தில் 12 கிலோ. இந்த வாயு ஒரு கிலோ கசிந்தால் 2,088 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அப்படியென்றால் 25 டன். 9,000 லிட்டருக்கு மேல் டீசல் எரித்த மாதிரி. அந்த ஏசியில் மூன்று வருஷமாகக் கசிவு இருந்திருக்கிறது, ஒவ்வொரு கோடையிலும் நிரப்பி நிரப்பி ஓட்டியிருக்கிறார்கள். ஒரு பைப் மூட்டை மாற்றியதும் நின்றுவிட்டது. பில்லில் கிலோ எழுத வேண்டும் என்பதை இப்போது எல்லா மெக்கானிக்குகளின் ஒப்பந்தத்திலும் சேர்த்துவிட்டோம்.

சிங்கப்பூர், ஜூரோங் தீவு

சொந்த ஊர் புதுக்கோட்டை. இங்கே 2019 முதல் சட்டம் இருக்கிறது: வெளிவிடும் கரியமில வாயு வருஷத்துக்கு 2,000 டன் தொட்டால் அறிக்கை, 25,000 டன் தொட்டால் வரி. டன்னுக்கு 5 வெள்ளியாக இருந்தது 2024இல் 25, 2026இல் 45. முன்பெல்லாம் ஃப்ளேர் மீட்டர் (மிச்ச வாயுவை எரித்துவிடும் குழாயில் அளக்கும் கருவி) பழுதானால் அடுத்த ஷட்டவுனில் பார்க்கலாம் என்பார்கள். இப்போது அதே ஷிப்ட்டில் ஆள் வருகிறது. எண்ணுக்கு விலை வந்த பிறகு நான் கண்ணால் பார்த்த மாற்றம் இது.

எண்ணூர்

நான் எந்தக் கம்பெனியிலும் இல்லை. இங்கே குடியிருக்கிறேன். அம்மா மாடியில் வத்தல் காயப்போட்டால் சாயங்காலம் அதன்மேல் மெல்லிசாகச் சாம்பல் படிந்திருக்கும். துணியை மூடித்தான் காயவைக்கிறோம்.

நீங்கள் எல்லாரும் எழுதும் அறிக்கை எங்களுக்குத்தானே என்று நினைத்து, பக்கத்தில் இருக்கும் ஒரு ஆலையின் படிவம் 5ஐ தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பிய மனு. மாசு வாரியத்திடம் இசைவாணை வாங்கிய ஆலைகள் ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் 30க்குள் முந்தைய நிதியாண்டுக்குக் கொடுக்க வேண்டிய சுற்றுச்சூழல் அறிக்கை அது. நகல் வந்தது. 'சி' பகுதியில் ஒரு நாளைக்கு எவ்வளவு எடை மாசு வெளியேறுகிறது என்று எழுதும் கட்டத்தில் "வரம்புக்குள்" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். தூசு, கந்தக டை ஆக்சைடு எல்லாவற்றுக்கும் அதே வார்த்தை. பக்கத்துக் கட்டத்தில் ஒரு கன மீட்டர் புகைக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு இருக்கிறது, ஆனால் அதை வைத்து நான் எதைத் தெரிந்துகொள்வது? எங்கள் மாடியில் விழுவது எத்தனை கிலோ என்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

ஈரோடு, லேப் ஃபீல்டு ஆள்

அக்கா, அந்தக் கட்டத்தில் எடைதான் வர வேண்டும், "வரம்புக்குள்" என்பது பதிலே இல்லை. ஆனால் நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஸ்டாக் அறிக்கையில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கன மீட்டர் புகை போகிறது என்று இருக்கும். அதை மில்லிகிராமால் பெருக்குங்கள். உதாரணத்துக்கு 50,000 கன மீட்டர், 100 மில்லிகிராம் என்றால் மணிக்கு 5 கிலோ. நாள் முழுக்க ஓடினால் 120 கிலோ. வரம்புக்குள் இருந்தாலும் 120 கிலோதான்.

அடுத்த மனுவில் அந்த வருஷத்து ஸ்டாக் மானிட்டரிங் அறிக்கை எல்லாவற்றையும், ஃபீல்டு ஷீட்டோடு கேளுங்கள். லோடு சதவீதம் தெரிந்துவிடும்.

அம்பத்தூர், போல்ட் கம்பெனி அக்கவுண்ட்ஸ்

எண்ணூர் அக்கா, நகல் வந்ததும் இங்கே போடுங்கள். பெருக்கிக் கூட்டி எழுதிக் கொடுப்பது என் வேலை. உங்கள் பதிவைப் படித்துவிட்டு இன்று எங்கள் கம்பெனி கொடுத்த படிவம் 5ஐயும் எடுத்துப் பார்த்தேன். ஜெனரேட்டர் புகைக்கு எதிரே நாங்களும் "வரம்புக்குள்" என்றுதான் எழுதியிருக்கிறோம், அடியில் இருப்பது என் இனிஷியல். இந்த வருஷத்துக்கான படிவத்தில் கிலோ இருக்கும். லேப் தம்பி, எங்கள் ஜெனரேட்டர் 250 கேவிஏ. அளக்க யாரைக் கூப்பிட வேண்டும், முழு லோடில் எத்தனை மணி நேரம் ஓட்டி வைக்க வேண்டும் என்று சொன்னால் திங்கட்கிழமையே ஏற்பாடு செய்கிறேன்.