வளர்ச்சிப் பணி பற்றிய மாணவர் இதழ்: அட்டையில் என்ன போடலாம்?

முதுகலை_மாணவி:
எங்கள் சமூகப்பணித் துறையில் மாணவர் இதழ் கொண்டுவருகிறோம். ஏ4 அளவு, 28 பக்கம். வெளிநாடுகளில் நடந்த வளர்ச்சிப் பணிகள்தான் பொருள். முதல் இதழின் பெரிய கட்டுரை, வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு அமைப்பு 1980 முதல் வீடுவீடாகப் போய் வயிற்றுப்போக்குக்கு உப்பு-வெல்லக் கரைசல் சொல்லிக்கொடுத்தது பற்றி. அட்டைக்கு, ஒட்டிய வயிற்றோடு அழும் குழந்தை படம் ஒன்றை நெட்டிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார்கள். 'பார்த்ததும் கையில எடுப்பாங்க' என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. வேறு என்ன போடலாம்? லே-அவுட் இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில்.

பக்கவடிவக்காரன்:
அந்தப் படம் வேண்டவே வேண்டாம். பாவமாக இருக்கும், சரி, கட்டுரைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? உங்கள் கதாநாயகி, கரைசல் செய்யக் கற்றுக்கொண்ட அம்மா. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கை வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இதை மனப்பாடமாகச் சொன்னார்கள். பத்து வருஷத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள்! அட்டையில் அந்த மூன்று விரலைப் பெரிதாக வரையுங்கள். கோட்டோவியம், ஒரே நிறம், போதும்.

அப்புறம், சொல்லிக்கொடுத்த பெண்களின் சம்பளக் கணக்கு. எத்தனை வீடு போனார்கள் என்று மட்டும் பார்க்கவில்லை. பிறகு வேறொருவர் சில வீடுகளுக்குப் போய்க் கேட்கும்போது அம்மாக்கள் எவ்வளவு சரியாகச் சொல்கிறார்களோ, அதைப் பொறுத்துத்தான் பணம். இதைப் பெட்டிச் செய்தியாக மூலையில் ஒதுக்கிவிடாதீர்கள். நடுப்பக்கம் இரண்டையும் கொடுத்து, வீட்டிலிருந்து சம்பளம் வரை படமாகவே ஓடவிடுங்கள்.

கேமராக்கண்:
புகைப்படமே கூடாதென்று சொல்ல மாட்டேன். 1993-ல் புகைப்படக்காரர் கெவின் கார்ட்டர் சூடானில் எடுத்த, பசியால் சுருண்ட குழந்தைக்குப் பின்னால் கழுகு காத்திருக்கும் படம் வந்ததும், 'அந்தக் குழந்தை என்ன ஆச்சு?' என்றுதான் நியூயார்க் டைம்ஸுக்கு வாசகர்கள் எழுதிக் கேட்டார்கள். யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று தெரியாத படத்தைத் தொடாதீர்கள். டாலர் ஸ்ட்ரீட் தளத்தில் பல நாட்டு வீடுகளின் அடுப்பு, பாத்திரம், பல் துலக்கி படங்கள் எல்லாம் அந்தக் குடும்பத்தின் மாத வருமானத்தோடு கிடைக்கும். எடுத்தவர் பெயரைப் போட்டால் இலவசம்.

அச்சகத்தான்:
இன்டிசைனில் எழுத்துகளை வரியாகக் கோக்கும் பாராகிராஃப் காம்போசரை 'வேர்ல்ட்-ரெடி'க்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 'கொ'வில் கொம்பு 'க'வுக்கு முன்னால் வராமல் இடம் மாறி நிற்கும். கறுப்பு எழுத்து கறுப்பு மையில் மட்டும் இருக்கட்டும், நாலு வண்ணமும் கலந்தால் சின்ன எழுத்து நிழலடிக்கும். 28 நாலால் வகுபடும், சென்டர் பின் (நடு மடிப்பில் பின்) அடிக்கலாம். அட்டையோடு சேர்த்தா 28?

முதுகலை_மாணவி:
சேர்த்துத்தான். அப்படியானால் நடுப்பக்கம் 14, 15. அட்டையை வகுப்புத்தோழி வரைகிறாள். முதல் ஓவியத்தில் இரண்டு விரல்தான் இருந்தது, திருத்தச் சொல்லியிருக்கிறேன்.