ரெண்டு மனசா இருக்கு, யாராச்சும் வழி சொல்லுங்க

அக்காங்களா, எனக்கு 34 வயசு, 6 வயசுல ஒரு பொண்ணு, தனியாதான் வளர்க்குறேன். ஒன்றரை வருஷமா ஒருத்தரோட பழகுறேன், தங்கமான மனுஷன், பாப்பாவுக்கு காய்ச்சல்னா ராத்திரி முழுக்க முழிச்சிருந்து தெர்மாமீட்டர் பாத்து டைம் போட்டு நோட்ல எழுதி வெப்பாரு, கல்யாணம் பண்ணிக்கலாம்னு கேக்குறாரு. இப்பன்னு பாத்து பழைய ஆளு திரும்ப மெசேஜ் பண்றான். அவன் பேச்ச நம்பவே முடியாது, ஒருதடவ வரேன்னு சொல்லி பாப்பா புது கவுன போட்டுட்டு வாசல்லயே உக்காந்து தூங்கிட்டா, அவன் வரவே இல்ல. ஆனாலும் அவன் பேர போன்ல பாத்தா நெஞ்சு படபடன்னு அடிக்குது. இவர்கிட்ட அந்த படபடப்பு இல்ல, நிம்மதி இருக்கு. இத தாண்டி வந்தவங்க சொல்லுங்க, இந்த தவிப்பு தானா அடங்குமா, மெசேஜ் விஷயத்த இவர்கிட்ட சொல்லிடவா? பாப்பா இவர அப்பான்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டா, அதான் பயமா இருக்கு.