சிஸ்டம் ஆஃப் எ டவுன்: ஆர்மீனிய பேண்டா, ஆர்மீனியர்கள் வாசிக்கும் பேண்டா?

கித்தார்கண்ணன்:
ரொம்ப நாளாக உறுத்துவதைக் கொட்டிவிடுகிறேன். இந்த அமெரிக்க மெட்டல் பேண்டைப் பற்றி யார் எழுதினாலும் முதல் வரியில் 'ஆர்மீனிய வம்சாவளி', இரண்டாம் வரியில் ஒட்டோமான் துருக்கியில் ஆர்மீனியர்களைக் கொன்று குவித்த 1915 இனப்படுகொலை, மூன்றாம் வரியில் போராட்டம். டேரன் மலாக்கியனின் கித்தாரைத் தேடினால் கடைசிப் பத்தியில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மொத்தம் ஐந்து ஆல்பம். இனப்படுகொலையை நேரடியாகப் பேசுபவை என்றால் 1998இல் வந்த முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'பி.எல்.யு.சி.கே.', 2005இல் வந்த 'ஹிப்னடைஸ்' ஆல்பத்தில் 'ஹோலி மவுன்டன்ஸ்'. மற்றதெல்லாம் அமெரிக்கச் சிறை, போதைப்பொருள் சட்டம், ஈராக் போர், டிவி, காதல், அப்புறம் யாருக்கும் புரியாத கிறுக்குத்தனம். 'சாப் சூயி' பாட்டைக் கேட்டு யாராவது ஆர்மீனியர்களின் அடையாளமான அராரத் மலையை நினைத்தீர்களா?

பெர்லினில் என்னோடு அறையில் இருந்தவன் ஒரு துருக்கியப் பையன். இவர்களின் பாட்டு எல்லாம் அவனுக்கு மனப்பாடம். 'பி.எல்.யு.சி.கே.' வந்தால் மட்டும் சத்தமில்லாமல் அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிடுவான். அவனுக்கு இது லாஸ் ஏஞ்சலஸ் மெட்டல் பேண்ட், அவ்வளவுதான். எனக்கும் அப்படித்தான். ஆர்மீனிய முத்திரை பத்திரிகைகள் குத்தியது.

மழைக்காகிதம்:
கண்ணன், அந்தப் பையன் அந்த ஒரு பாட்டைத் தள்ளிவிட்டான் என்றால், அது என்ன பாட்டு என்று அவனுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. உங்கள் சாட்சி என் பக்கம் பேசுகிறது.

பத்திரிகை குத்திய முத்திரையா? பாடகர் செர்ஜ் டாங்கியனும் டிரம்மர் ஜான் டோல்மயனும் லெபனானில் பிறந்தவர்கள். பாஸ் வாசிக்கும் ஷாவோ ஒடாஜியன் ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில். டேரன் ஹாலிவுட்டில் பிறந்தவர், பெற்றோர் ஈராக்கிலிருந்து போனவர்கள். லாஸ் ஏஞ்சலஸில் ரோஸ் அண்ட் அலெக்ஸ் பிலிபோஸ் என்று ஓர் ஆர்மீனியப் பள்ளி உண்டு. செர்ஜ், டேரன், ஷாவோ மூவரும் வெவ்வேறு வருடங்களில் அங்கே படித்தவர்கள். இப்படி நாலு பேர் ஒரே பேண்டில் சேர்ந்தது தற்செயலா?

1915இல் கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) ஆர்மீனிய அறிவாளிகளை வளைத்துப் பிடித்த நாள் ஏப்ரல் 24. 2004, 2005 இரண்டு வருடமும் அதே தேதியில் லாஸ் ஏஞ்சலஸில் 'சோல்ஸ்' என்ற பெயரில் நிதி திரட்டும் கச்சேரி வைத்தார்கள். 2005 செப்டம்பரில் அமெரிக்க அவைத் தலைவர் டென்னிஸ் ஹாஸ்டர்ட்டின் இல்லினாய் அலுவலகத்துக்கு வெளியே பேரணிக்குப் போனார்கள். இனப்படுகொலைத் தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விடுவது அவர் கையில்தான் இருந்தது. விடவில்லை. செர்ஜின் தாத்தா அந்தப் படுகொலையில் தப்பிப் பிழைத்தவர், 'ஸ்கிரீமர்ஸ்' ஆவணப்படத்தில் அவரே பேசுகிறார். இதையெல்லாம் எந்த நிருபர் ஒட்டினார்?

தெருவிளக்கு:
அக்கா, அடையாளம் அவர்களுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'பேண்டின் அரசியல்' என்று ஒன்று இருப்பதுபோல எழுதுகிறீர்களே, அதுதான் இடிக்கிறது. செர்ஜ் இடதுசாரி, பெர்னி சாண்டர்ஸ் ஆதரவாளர், கித்தார் கலைஞர் டாம் மொரெல்லோவோடு 'ஆக்சிஸ் ஆஃப் ஜஸ்டிஸ்' அமைப்பைத் தொடங்கியவர். டோல்மயன் 2020இல் வெளிப்படையாக டிரம்ப் பக்கம். இத்தனைக்கும் ரெண்டு பேரும் சகலைகள்! விருந்துக்குப் போனால் என்ன பேசுவார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

2001ஐ மறந்துவிட்டீர்களா? 'டாக்சிசிட்டி' வந்தது செப்டம்பர் 4. இரட்டைக் கோபுரம் விழுந்த சில நாளில், அமெரிக்காவின் எண்ணெய் அரசியலைக் கேள்வி கேட்டு செர்ஜ் ஒரு கட்டுரையை பேண்டின் இணையதளத்தில் போட்டார். ரெக்கார்டு கம்பெனி அதைத் தூக்கிவிட்டது. மற்ற மூன்று பேருக்கும் அவர்மேல் கோபம். ஒருவர் வாயைத் திறந்தால் நாலு பேர் தலையிலும் விடிகிறது. 'ஆக்டிவிஸ்ட் பேண்ட்' என்பது பாதி, செர்ஜ் என்ற ஒற்றை ஆளின் நிழல்.

மழைக்காகிதம்:
தம்பி, என் வாதத்தின் பாதியை நீங்களே சொல்லிவிட்டீர்கள். மற்ற எதிலும் நாலு பேருக்கும் ஒத்துப்போவதில்லை. 2005க்கு அப்புறம் புது ஆல்பமே இல்லை. யார் எழுதுவது, எப்படிப் பங்கு பிரிப்பது என்ற சண்டை. பதினைந்து வருடத்தில் எந்த ரசிகனாலும், எந்த செக்கினாலும் இவர்களைப் புதுப் பாட்டுக்காக ஸ்டுடியோவுக்குள் தள்ள முடியவில்லை. 2020 செப்டம்பர் 27 அன்று, அஜர்பைஜானுக்குள் ஆர்மீனியர்கள் வாழ்ந்த நாகோர்னோ கராபாக்கில், அந்த இரண்டு தரப்புக்கும் போர் தொடங்கியது. நவம்பர் 6 அன்று இரண்டு புதுப் பாட்டு வந்துவிட்டது. டிரம்ப்காரரும் சாண்டர்ஸ்காரரும் சேர்ந்து வாசித்தார்கள். ஆர்மீனியா இவர்களுக்குப் பாட்டின் பொருள் மட்டும் இல்லை, பேண்டைக் கட்டியிருக்கும் கயிறு.

கித்தார்கண்ணன்:
அந்தக் கயிறுதான் கழுத்தை நெரிக்கிறது என்கிறேன்! அந்த இரண்டில் ஒன்றான 'ப்ரொடெக்ட் த லேண்ட்' முதலில் டேரன் தன் இன்னொரு பேண்டான ஸ்கார்ஸ் ஆன் பிராட்வேக்கு எழுதி வைத்திருந்தது. அதை எடுத்துப் பதிவு செய்து, நிதி திரட்டினார்கள். 6 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. நல்ல காரியம், கையெடுத்துக் கும்பிடுகிறேன். பாட்டாகக் கேட்டுப் பாருங்கள். 'பி.ஒய்.ஓ.பி.'யில் ஒரு வரி சிரிப்பு, அடுத்த வரி அறை, நடுவில் டிஸ்கோ மாதிரி ஒரு திருப்பம் இருக்கும். அந்தக் குறும்புதான் இந்த பேண்ட். இங்கே அது எங்கே? நேர்கோட்டில் நடக்கும் அணிவகுப்பு.

மழைக்காகிதம்:
பாட்டு வந்த நான்காம் நாள் போர்நிறுத்தம், ஆர்மீனியத் தரப்பின் தோல்வியோடு. கராபாக்கின் ஷுஷா நகரம் அதற்கு முன்பே கை மாறிவிட்டது. அந்த வாரத்தில் குறும்பு எங்கிருந்து வரும்?

நாலாம்தெரு நாகராஜன்:
தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். ரெண்டு பக்கமும் தொடாத ஒன்று இருக்கிறது. 1990களின் போரில் கராபாக்கிலிருந்தும் சுற்றியிருந்த மாவட்டங்களிலிருந்தும் லட்சக்கணக்கான அஜர்பைஜானியர்கள் விரட்டப்பட்டார்கள். 'ப்ரொடெக்ட் த லேண்ட்' என்று பாடும்போது அந்த வீட்டுக்காரர்கள் எங்கே? 2003இல் ஈராக் போருக்கு எதிராக 'பூம்' வீடியோ செய்த அதே பேண்ட், தன் ஊர்ப் போர் என்றதும் வீடியோவில் சிப்பாய்களை நிற்க வைக்கிறது. போர் எதிர்ப்பு அடுத்தவன் போருக்கு மட்டும்தானா?

மழைக்காகிதம்:
நாகராஜன் சார், இது கனமான கேள்வி. மழுப்ப மாட்டேன். விரட்டப்பட்ட அஜர்பைஜானியர்களைப் பற்றி அவர்கள் பாடவில்லை, அது குறைதான். ஆனால் ஈராக்கில் அமெரிக்கா தாக்கப் போன தரப்பு. 2020இல் குண்டு விழுந்தது இவர்கள் சொந்தம் என்று நினைக்கும் ஊர்களின் மேல். ரெண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. 2023 செப்டம்பரில் ஒரு வாரத்துக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் கராபாக்கைவிட்டு வெளியேறினார்கள். 2020இல் இந்த பேண்ட் பயந்தது நடந்துவிட்டது.

இன்னொன்று. இவர்களைக் கண்மூடித்தனமான தேசியவாதிகள் என்று ஒதுக்கவும் முடியாது. 2013 தேர்தலுக்குப் பின் செர்ஜ், ஆர்மீனிய அதிபர் செர்ஜ் சர்க்சியனுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதிக் கேள்வி கேட்டார். (ஆமாம், ரெண்டு பேருக்கும் ஒரே பெயர். அந்த ஊரில் இதை வைத்து எத்தனை ஜோக் ஓடியதோ!) 2015 ஏப்ரல் 23, இனப்படுகொலையின் நூற்றாண்டு நாளுக்கு முந்தைய இரவு, யெரெவான் குடியரசுச் சதுக்கத்தில் இலவசக் கச்சேரி. ஆர்மீனிய மண்ணில் அதுதான் முதல் கச்சேரி. மழை கொட்டுகிறது, கூட்டம் நகரவில்லை. துருக்கியைத் திட்டிக் கைத்தட்டல் வாங்கி முடித்திருக்கலாம். செர்ஜ் அந்த மேடையில் ஆர்மீனிய அரசின் அநீதியையும் பேசினார். 2018இல் ஆர்மீனியப் புரட்சியின்போது நேரில் போய் நின்றார்.

தெருவிளக்கு:
அதே செர்ஜ்தான் 2023இல், அஜர்பைஜான் தலைநகர் பாகுவில் வைத்திருந்த கச்சேரியை ரத்து செய்யுங்கள் என்று இமாஜின் டிராகன்ஸ் பேண்டுக்குச் சொல்லி, அவர்கள் கேட்காததும் பகிரங்கமாக விளாசினார். லாஸ் வேகஸ்காரன் எங்கே வாசிக்க வேண்டும் என்று இவர் சொல்ல வேண்டுமா?

மழைக்காகிதம்:
ஆர்மீனியாவிலிருந்து கராபாக்குக்குப் போகும் லாச்சின் பாதையை மாதக்கணக்கில் அடைத்து வைத்து உள்ளே சாப்பாடும் மருந்தும் போகாமல் இருந்த நேரம் அது. கேட்பதில் என்ன தப்பு? போனது அவர்கள் முடிவு. விமர்சித்தது இவர் உரிமை.

பாரிமுனைப் பழசு:
சம்பந்தமில்லாமல் ஒன்று. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை 'அஸ்தரார்' 1794இல் அச்சானது நம் சென்னையில். பாரிமுனையில் ஆர்மீனியர் தேவாலயம் இன்றும் இருக்கிறது. தெருப் பெயர் ஆங்கிலத்தில் ஆர்மீனியன் ஸ்ட்ரீட், நம் வாயில் நுழையாமல் அரண்மனைக்காரன் தெரு ஆகிவிட்டது. சரி, சண்டையைத் தொடருங்கள்.

மட்டுறுத்துநர்:
ஈழத்தோடு ஒப்பிட்டு வந்த மூன்று பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே பேசுங்கள். இங்கே பேண்ட் மட்டும்.

கித்தார்கண்ணன்:
நேற்று ராத்திரி 'டாக்சிசிட்டி'யைக் கடைசிவரை ஓடவிட்டேன். 'ஏரியல்ஸ்' முடிந்தபின் பட்டியலில் இல்லாத ஒரு துண்டு வரும். இத்தனை வருடமாக அது ஸ்டுடியோ விளையாட்டு என்று நினைத்திருந்தேன். தேடினால் 'டெர் வோகோர்மியா', ஆர்மீனியத் திருச்சபைப் பாடல். ஆர்ட்டோ துன்ச்போயாஜியனோடு சேர்ந்து செய்தது. சிறை, போதை, டிவி எல்லாம் பேசி முடித்த ஆல்பத்தைப் பிரார்த்தனையில் இறக்கி வைத்திருக்கிறார்கள். பாட்டை எண்ணும்போது இதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

பெர்லின் நண்பனுக்கு அனுப்பி, இதைத் தள்ளிவிடுவாயா என்று கேட்டேன். உடனே பதில் வந்தது: "ஆர்ட்டோ எங்கள் ஊரில் பிறந்தவர். அவர் அண்ணன் ஒன்னோ துன்ச் மெட்டமைத்த பாட்டை என் அம்மா சமையலறையில் முணுமுணுப்பாள். இதை எதற்குத் தள்ளிவிட வேண்டும்?"

தலைப்பை மாற்றச் சொல்லாதீர்கள். 'ப்ரொடெக்ட் த லேண்ட்' இன்னும் எனக்குச் சுமார்தான்.