டிராஃப்டரை எடுத்துவிட்டால் மெக்கானிக்கல் படிப்பு பிழைக்குமா?

பேட்டை லேத்: நேற்று ஒருவர் எழுதியிருந்தார். முதலாண்டுப் பிள்ளைகள் பலகையில் டிராஃப்டரை (கோடும் கோணமும் போடும் அளவுகோல் கருவி) மாட்டிக் கையால் படம் வரைவது வீண், அதை எடுத்துவிட்டு பேட்டரி வண்டி, ரோபோ சொல்லிக்கொடுத்தால்தான் மெக்கானிக்கல் பிழைக்கும் என்று. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. பதினெட்டு வருசமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். போன மாதம் சேர்ந்த பி.இ. பையன் தேர்டு ஆங்கிள் படத்தை (வலப்பக்கத் தோற்றத்தை வலப்பக்கமே வரையும் முறை) ஃபர்ஸ்ட் ஆங்கிள் (அதை இடப்பக்கம் வரையும் முறை) என்று நினைத்து, வலப்பக்கம் போட வேண்டிய ஓட்டையை இடப்பக்கம் போட்டுவிட்டான். ஆறு பிராக்கெட் குப்பைக்குப் போயிற்று.

கங்கைகொண்டான்: எழுதியது நான்தான் அண்ணாச்சி. அந்தப் பையனும் முதலாண்டில் டிராஃப்டர் பிடித்துத்தானே வந்திருப்பான்? அப்புறமும் தப்பு பண்ணினான் என்றால் டிராஃப்டர் அவனுக்கு எதைக் கற்றுக்கொடுத்தது? தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் ஆலை 2025 ஆகஸ்டில் திறந்தாயிற்று, எங்கள் ஊரில் டாடாவின் சோலார் செல் ஆலை ஓடுகிறது. இங்கெல்லாம் பி.எல்.சி. (ஆலை இயந்திரங்களை ஓட்டும் சின்னக் கம்ப்யூட்டர்), சென்சார், மோட்டார் கன்ட்ரோல் தெரிந்தவன்தான் வேண்டும்.

பேட்டை லேத்: எங்கே பிடித்தான்? சீனியர் தாளைக் கண்ணாடிக்கு மேல் வைத்து, அடியில் லைட் போட்டு நகலெடுத்திருப்பான். அதற்கு டிராஃப்டரையா குறை சொல்வீர்? பேட்டரி வண்டிக்குச் சஸ்பென்ஷன் கிடையாதா? கதவுத் தகட்டை அடிக்க டை (அச்சு) வேண்டாமா? மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கிற ராக்கெட் எஞ்சினில் வால்வும் பம்பும் யார் வேலை வே?

வள்ளியூர் மேரி: நான் மெக்கானிக்கல் பாடம் எடுக்கிறவள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் பாடத்திட்டம் மாறியது, 2022-ல் அரசின் திறன் பயிற்சித் திட்டமான 'நான் முதல்வன்' வந்தது. ஆனால் எங்கள் கல்லூரியில் அறுபது பேருக்கு ஒரே ஒரு சி.என்.சி. (கம்ப்யூட்டர் கட்டளையில் உலோகம் வெட்டும் இயந்திரம்), அதுவும் பாதி நாள் ரிப்பேர். பிள்ளைகள் வேடிக்கை பார்த்துவிட்டு ரெக்கார்டு எழுதுகிறார்கள். அதைப் பேசுங்களேன்.

பேட்டை லேத்: அது இருக்கட்டும் மேடம், டிராஃப்டர் வேண்டுமா வேண்டாமா? 2007-ல் நெல்லைக்கென்று தனி அண்ணா பல்கலைக்கழகம் வந்தது, 2012-ல் திரும்பச் சென்னையோடு சேர்த்துவிட்டார்கள். அது இருந்திருந்தால் நம்ம பட்டறைக்காரர்களையும் கூப்பிட்டுப் பாடம் எழுதியிருப்பார்கள்.

கங்கைகொண்டான்: அந்த ஐந்து வருசத்தில் உங்களை யாராவது கூப்பிட்டார்களா? போன தடவை சோலார் பற்றி எழுதியபோதும் "கண்ணாடி துடைக்கிற வேலை" என்று என்னை மட்டம் தட்டினீர்கள். நான் மறக்கவில்லை.

பேட்டை லேத்: இப்பவும் அதையேதான் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வாரும், அந்த ஆறு பிராக்கெட்டையும் காட்டுகிறேன்.

கங்கைகொண்டான்: லேப்டாப்போடு வருகிறேன். அதே பிராக்கெட்டை சாலிட்வொர்க்ஸ் என்ற 3டி வரைபட மென்பொருளில் போட்டு எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டுகிறேன்.

பேட்டை லேத்: திருப்புவது கம்ப்யூட்டர். வெறும் தாளைப் பார்த்து மனசுக்குள் திருப்பத் தெரியுமா உமக்கு? டிராஃப்டர் பிடித்தவனுக்குத் தெரியும்.

வள்ளியூர் மேரி: சி.என்.சி. பற்றிக் கேட்டேன். இரண்டு பேருமே இன்னும் பதில் சொல்லவில்லை.