நெட்டுக்குத்தா நிற்கிற கிராஃபீன் வந்தா கண்டன்சர் உப்பாதா?

அம்மாப்பேட்டை சர்வீஸ்:
சேலத்துல போர்டு ரிப்பேர் பண்றவனுங்க நான். தறி போர்டு, யூபிஎஸ், எல்இடி டிரைவர்னு எது வந்தாலும் முதல்ல கண்டன்சரைத்தான் பார்ப்பேன். நேத்து வந்தது 400 வோல்ட், 68 மைக்ரோஃபாரட். தலை உப்பி, அடியில பழுப்புக் கறை. தகரக் கூரைக்குக் கீழ வெந்த சரக்கு. எம்.எஸ்சி. பிசிக்ஸ் படிக்கிற பொண்ணு, “இதுக்குப் பதிலா நெட்டுக்குத்தா வளர்த்த கிராஃபீன், அதான் ஒரே அணு தடிமன் இருக்கிற கார்பன் தாள், வருதுப்பா”ங்குது. நிறைய சார்ஜ் பிடிக்கிற சூப்பர் கெப்பாசிட்டர்லயும் கார்பன்தானே? அதை ஃபில்டருக்கு, அதாவது கரண்ட்டோட ஏத்த இறக்கத்தைச் சமன் பண்ணப் போட்டா வேலைக்கு ஆகாதே. நிமித்தி வெச்சா மட்டும் என்ன மாறிடும்?

ஏற்காடு அடிவாரம்:
அண்ணா, சூப்பர் கெப்பாசிட்டர்ல இருக்கிறது ஆக்டிவேட்டட் கார்பன். துளைக்குள்ள துளை, அயனி போய் வரவே நேரமாகும். நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஏசியை டிசியா மாத்துற டயோடு பிரிட்ஜைத் தாண்டினா 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள், அதான் ஏத்த இறக்கம். அந்த வேகத்துக்கு அது வெறும் ரெசிஸ்டர் மாதிரிதான் நிற்கும். கிராஃபீனைப் பொடியாப் பூசினாலும் ஈர வாழையிலை அடுக்கின மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். கிராமுக்கு 2,630 சதுர மீட்டர் பரப்புங்கிறது ஏட்டோட போயிடும்.

நெட்டுக்குத்தா வளர்த்தா, தறி அச்சுல கம்பி நிற்கிற மாதிரி இடைவெளி திறந்தே இருக்கும், அயனி நேரா இறங்கும். மீத்தேன் வாயுவைப் பிளாஸ்மாவுல உடைச்சு வளர்ப்பாங்க. முதல்ல தட்டையாப் படரும், அப்புறம்தான் நிமிரும். உலோகத்து மேலயே முளைக்கிறதால பசையும் வேண்டாம். 2010-ல ஜான் மில்லர் குழு நிக்கல் மேல வளர்த்து, 120 ஹெர்ட்ஸ்ல ஃபில்டர் ஆகும்னு காட்டினாங்க. அமெரிக்காவுல லைன் 60 ஹெர்ட்ஸ், அதான் 120. ஆர்சி நேரம், அதாவது சார்ஜ் ஏறி இறங்க ஆகுற நேரத்தோட அளவு, 200 மைக்ரோசெகண்டுக்கும் கீழ.

பழைய சோல்டர்:
எல்லாம் சரி, வோல்டேஜ்? ஆர்கானிக் எலக்ட்ரோலைட் (அயனி இருக்கிற திரவம்) போட்டாலும் ஒரு செல் 2.7 வோல்ட் பக்கம்தான். 400-க்குக் கிட்டத்தட்ட 150 செல்லை சீரீஸ்ல கோர்க்கணும். கோர்த்தா கெப்பாசிட்டன்ஸ் 150-ல ஒரு பங்கா இறங்கும். உங்க 68 வேணும்னா ஒவ்வொரு செல்லும் பத்தாயிரம் மைக்ரோஃபாரட்! 5 வோல்ட் பக்கத்துக்கு வேணா பேசலாம். அதோட, அதுலயும் உள்ள இருக்கிறது எலக்ட்ரோலைட்தான், சூடு அதுக்கும் ஆகாது. இப்போதைக்கு 105 டிகிரி வரைக்கும் தாங்குற சரக்கா மாட்டுங்க. பத்து டிகிரி சூடு குறைஞ்சா ஆயுசு ஏறத்தாழ ரெண்டு மடங்கு.

அம்மாப்பேட்டை சர்வீஸ்:
பொண்ணுகிட்ட 150 செல் கணக்கைக் காட்டினேன், முறைச்சுட்டுப் போயிடுச்சு. 105 டிகிரிதாங்க மாட்டிக் கொடுத்தேன். போர்டை இறக்கி நிழல்ல வைங்கன்னு சொல்லியும், பழைய ஆணியிலயே தொங்க விட்டிருக்காரு அந்தத் தறிக்காரர்.