பீயிங் தேர்: அந்த ஏரிக் காட்சி தேவையா?

ரீல்பெட்டி:
ஹால் ஆஷ்பி இயக்கிய ‘பீயிங் தேர்’ (1979) படத்தை நேற்று மறுபடி பார்த்தேன். பார்க்காதவர்களுக்காக: சான்ஸ் ஒரு தோட்டக்காரன். வாஷிங்டனில் ஒரு பணக்காரர் வீட்டை விட்டு வெளியே காலே வைத்ததில்லை. தெரிந்ததெல்லாம் செடியும் டிவியும்தான். முதலாளி இறந்ததும் தெருவுக்கு வருகிறான். வேர், பருவம் என்று அவன் பேசுவதைப் பெரிய மனிதர்கள் பொருளாதாரத் தத்துவமாக எடுத்துக்கொள்கிறார்கள். அதுவரை எல்லாமே நடக்கக்கூடியது. கடைசியில் அவனை ஏரித் தண்ணீர் மேல் நடக்கவிட்டுக் கெடுத்துவிட்டார்கள். அவன் நிஜமாகவே மகான் என்றால், நம்பியவர்கள் ஏமாளிகள் இல்லையே? பிறகு இரண்டு மணி நேரம் யாரைக் கிண்டல் செய்தார்கள்?

வேப்பமரத்தடி:
மகான் என்று படம் எங்கே சொன்னது? அந்தக் காட்சியை நிதானமாகப் பாருங்கள். வளைந்து கிடக்கும் ஒரு சின்னக் கன்றை நிமிர்த்தி விடுகிறான். அப்புறம்தான் தண்ணீருக்குப் போகிறான். நடுவில் நின்று, குடையைப் பக்கத்தில் விட்டுப் பார்க்கிறான். அது ஆழமாக இறங்குகிறது. முகத்தில் பெருமிதமும் இல்லை, பயமும் இல்லை. மண் ஈரத்தைப் பார்க்கிற தோட்டக்காரன் முகம்தான். தண்ணீரில் மூழ்குவோம் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

ரீல்பெட்டி:
சொல்லித் தராவிட்டால் மூழ்காமல் இருப்போமா? குழந்தைக்கும் யாரும் சொல்லித் தருவதில்லை. படத்துக்கு மூலமான கோசின்ஸ்கியின் நாவலில் அவன் கடைசியில் தோட்டத்துக்குள்தான் போகிறான். அற்புதம் எதுவும் கிடையாது. எனக்கு அதுதான் சரியான முடிவு.

மூணாவது ரோ:
ஏரி கூடப் பரவாயில்லை. அதற்குப் பிறகு டைட்டில் ஓடும்போது சான்ஸாக நடித்த பீட்டர் செல்லர்ஸ் வசனம் சொல்ல முடியாமல் சிரிக்கிற துண்டுகளை ஓட்டினார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. படம் முழுக்க ஒரு இமை கூடத் தேவையில்லாமல் அசைக்காதவர். அதைச் சேர்த்ததில் அவருக்கே கடும் கோபம். 1980 ஜூலையில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

வேப்பமரத்தடி:
அது நியாயமான கோபம், நானும் உங்கள் பக்கம். ஆனால் ரீல்பெட்டி, ஒன்று யோசியுங்கள். அந்தப் பக்கம், சான்ஸைத் தன் வீட்டில் தங்கவைத்த இன்னொரு பணக்காரரின் இறுதிச் சடங்கு நடக்கிறது. சவப்பெட்டியைத் தூக்கிப் போகிறவர்கள் அடுத்த ஜனாதிபதியாக இவனை நிறுத்தலாமா என்று கிசுகிசுக்கிறார்கள். அவனோ கூட்டத்தை விட்டு விலகிப் போய்விட்டான். ஏரிப் பக்கம் ஒரு ஆள் இல்லை. அதுவரை அவனைத் தப்பாகப் புரிந்துகொள்ள எப்போதும் யாராவது பக்கத்தில் இருந்தார்கள். இப்போது அவனைப் பார்ப்பது நாம் மட்டும்தான். உடனே நாமும் அர்த்தம் தேட ஆரம்பிக்கிறோம். நீங்கள் மகான் என்றீர்கள், நான் தோட்டக்காரன் என்கிறேன்.

ரீல்பெட்டி:
இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அவர்கள் ஏமாந்தது அவன் பேச்சைக் கேட்டு. நமக்கு ஆஷ்பி கண்ணாலேயே காட்டிவிடுகிறார், குடையையும் விட்டு ஆழம் காட்டுகிறார். தப்பாகப் புரிந்துகொள்ள எனக்கு அங்கே இடமே இல்லை. என் புகார் அப்படியேதான் இருக்கிறது.