ஃபியூயல் பம்ப் கண்ட்ரோல் மாட்யூல்: தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் மெக்கானிக்குகள் மும்பையில் ட்ரேடு டெஸ்ட் எனும் தொழில்திறன் தேர்வு கொடுப்பதற்கு முன் படித்துக்கொள்வதற்காக ஒரு தமிழ்க் கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன் என்று முன்பே எழுதியிருந்தேன். ஃபோர்டு எஃப்-150, செவ்ரோலெ சில்வராடோ போன்ற அமெரிக்கப் பிக்கப் வண்டிகளைப் பற்றிய இயலில் ஒரு சொல்லில் சறுக்கிவிட்டேன். ‘ஃபியூயல் பம்ப் கண்ட்ரோல் மாட்யூல்’ என்பதற்கு இந்த இழையில் வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். பம்பை ‘எக்கி’ என்றும் மாட்யூலைத் ‘தொகுதி’ என்றும் ஆக்கி, ‘எரிபொருள் எக்கிக் கட்டுப்பாட்டுத் தொகுதி’ என்பதையே பலரும் ஆதரிக்கிறீர்கள். அதை ஏற்க முடியாது என்று சொல்லவே இந்த மடல்.

பழைய வண்டிகளில் டேங்குக்குள் இருக்கும் பம்புக்கு ரிலே என்ற மின்விசை வழியாக மின்சாரம் போகும். சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்பினால் பம்ப் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடும். எஞ்சின் குடித்தது போக மிஞ்சும் பெட்ரோல் வேறொரு குழாய் வழியாக டேங்குக்கே திரும்பிவிடும். அந்தத் திரும்பு குழாய் இல்லாத அமைப்பில், எஞ்சினுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவை மட்டுமே பம்ப் அனுப்ப வேண்டும். எஞ்சின் கணினி இடும் கட்டளையை வாங்கிக்கொண்டு, பம்புக்குப் போகும் 12 வோல்ட் மின்சாரத்தை நறுக்கி நறுக்கி அனுப்பி, பம்பின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்வதுதான் நாம் பெயர் தேடிக்கொண்டிருக்கும் இந்த உறுப்பு. துடிப்பகலப் பண்பேற்றம் என்று பாடநூல் சொல்வதைக் கையேட்டில் ‘நறுக்கி அனுப்புதல்’ என்றே எழுதியிருக்கிறேன். ஜெனரல் மோட்டார்ஸ் ‘கண்ட்ரோல் மாட்யூல்’ என்பதை ஃபோர்டு ‘டிரைவர் மாட்யூல்’ என்கிறது. ‘டிரைவர்’ என்றதும் ‘ஓட்டுநர்’ என்று எழுதிய வரைவு ஒன்றையும் பார்த்திருக்கிறேன். அந்த ஓட்டுநர் எங்கே உட்காருவார் என்றுதான் தெரியவில்லை.

இனி ‘தொகுதி’க்கு வருகிறேன். டேங்குக்குள் பம்ப் தனியாக இருப்பதில்லை. பம்ப், வடிகட்டி, பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவை ஆகியவை ஒன்றாகக் கோத்த ஓர் அமைப்பாகவே உள்ளே இறக்கப்படுகின்றன. அந்த அமைப்புக்கு ஆங்கிலத்தில் ‘ஃபியூயல் பம்ப் மாட்யூல்’ என்று பெயர். பல உறுப்புகள் தொகுக்கப்பட்ட ஒன்றைத் தொகுதி என்பது முற்றிலும் பொருத்தம். ஆனால் வெளியே சேசிஸில் மாட்டியிருக்கும் மின்னணுப் பெட்டியையும் நாம் தொகுதி என்றால், இரண்டுக்கும் நடுவே ‘கட்டுப்பாட்டு’ என்ற ஒரே சொல்தான் வேலியாக நிற்கும். நான் என் முதல் வரைவில் அட்டவணைத் தலைப்பில் இடம் போதவில்லை என்று அந்த வேலியையும் பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

விளைவைக் குர்லாவில் பார்த்தேன். அங்கே சி.எஸ்.டி. சாலைப் பக்கம் ஒரு பட்டறையில், சவுதி அரேபியாவின் தம்மாமில் பதினோரு ஆண்டு வேலை பார்த்துத் திரும்பிய நெல்லைக்காரர் ஒருவர் மாலையில் பையன்களுக்குப் பாடம் நடத்துகிறார். ஓடிக்கொண்டிருந்த வண்டி நின்றுவிட்டது, மறுபடி கிளம்பவில்லை, ஸ்கேனரில் யு0109 என்று வருகிறது, என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறார். அந்தக் குறியீட்டுக்குக் கட்டுப்பாட்டு மாட்யூலோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். என் வரைவைப் படித்த பையன், எரிபொருள் அழுத்தத்தை இறக்குவதில் தொடங்கி, டேங்கைத் தாங்கும் பட்டைகளைக் கழற்றுவது வரை வரிசை பிசகாமல் எழுதிக் கொடுத்துவிட்டான். “ரெண்டு போல்ட்டு வேலைக்கு டேங்க இறக்க வச்சிட்டியளே, தம்பி” என்றார் அண்ணாச்சி. எனக்குப் பதில் வரவில்லை.

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து எஃப்-150இல் கழற்றிய பழைய மாட்யூல் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளங்கையில் அடங்குகிற பொருள். ஒரு பக்கம் மின்கம்பிகளை இணைக்கும் கப்ளர் மாட்டும் வாய், மறுபக்கம் அலுமினியம். அந்த அலுமினியம் பூத்துப்போய், தொட்டால் வெற்றிலைச் சுண்ணாம்பு போல விரலில் ஒட்டியது. நடுவில் ஓடிய விரிசலில் நகம் நுழைந்தது. 2004 முதல் 2008 வரை வந்த எஃப்-150களில் இது ஸ்டெப்னிக்கு மேலே, சேசிஸின் குறுக்குச் சட்டத்தோடு ஒட்டினாற்போல் முடுக்கப்பட்டிருந்தது. எஃகும் அலுமினியமும் ஒட்டி நிற்கும் இடத்தில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம்தான் முதலில் அரிபடும். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் வட அமெரிக்க ஊர்களில் இந்தப் பழுது பேர்போனது. சட்டத்தில் படாமல் சற்றுத் தள்ளி நிற்கும்படி மாற்று மாட்யூலை ஸ்பேசர்களோடு, அதாவது இடைவெளி விடும் துண்டுகளோடு, விற்பது இதனால்தான். சில்வராடோவில் இன்னொரு வேலையும் உண்டு: புதியதை மாட்டினால் மட்டும் போதாது, அந்த வண்டிக்குரிய நிரலையும் அதில் ஏற்ற வேண்டும்.

கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்குத் தோன்றிய சொல் ‘பெட்டி’. மூடிய ஒன்று, பிரித்துப் பழுதுபார்க்க முடியாது, முழுதாகக் கழற்றி முழுதாக மாட்ட வேண்டும். ஆகவே ‘எரிபொருள் எக்கிக் கட்டுப்பாட்டுப் பெட்டி’ என்று முன்மொழிகிறேன். இதைச் சுருக்கி ‘எக்கிக் கட்டுப்பெட்டி’ ஆக்கலாம் என்று தனிமடலில் ஓர் அன்பர் எழுதினார். கட்டுப்பெட்டி என்றால் நம் வீடுகளில் யாரைச் சொல்வார்கள் என்பதை அவர் மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

இழையில் வந்த மற்றப் பரிந்துரைகளில் ‘கட்டுப்படுத்தி’ நல்ல சொல்தான். ஆனால் வேற்றுமை உருபு இல்லாமல் நிற்கும்போது வினையெச்சமாகிவிடுகிறது. ‘எக்கி கட்டுப்படுத்தி பழுது’ என்று பட்டியலில் கண்டால், எதையோ கட்டுப்படுத்தியதால் பழுது வந்தது என்றும் படிக்கலாம். ‘கட்டுப்பாட்டகம்’ என்பதோ எனக்கு ஏதோ அலுவலகக் கட்டடம் போலக் கேட்கிறது. ‘எக்கி’ வேண்டாம், ‘பம்ப்’ என்றே விடுங்கள் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். மும்பையில் அது நடக்காது. ஊரில் பங்க் என்று நாம் சொல்வதை இங்கே பெட்ரோல் பம்ப் என்கிறார்கள். இலங்கைப் பாடநூல்களின் ‘பம்பி’ எனக்குப் பிடிக்கும் என்றாலும், நெல்லையிலிருந்து வரும் பையனுக்கு அது எக்கியைவிடப் பழக்கமானது அல்ல.

சயானிலிருந்து,
மொழிபெயர்ப்பாளன்

*

ஐயா, வணக்கம்.

தொகுதியை விலக்குவதற்கு நீங்கள் சொன்ன காரணத்தை முழுமையாக ஏற்கிறேன். நான் அதற்குக் கொடுத்த ஆதரவையும் திரும்பப் பெறுகிறேன். ஆனால் பெட்டியை ஏற்க முடியவில்லை.

கலைச்சொல் தனியாளாக வருவதில்லை, குடும்பத்தோடு வருகிறது. இன்றைக்கு எரிபொருள் எக்கிக்குப் பெயர் வைக்கிறீர்கள். நாளைக்கு எஞ்சின் கண்ட்ரோல் மாட்யூல் வரும், அதன் பின்னால் டிரான்ஸ்மிஷன் கண்ட்ரோல் மாட்யூல் வரும். கியர்பாக்ஸைப் பல்லிணைப் பெட்டி என்று எழுதும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அப்படியானால் அதன் மாட்யூல் ‘பல்லிணைப் பெட்டிக் கட்டுப்பாட்டுப் பெட்டி’ ஆகும். ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி இருப்பதாக உங்கள் மாணவர் நினைத்து எதையாவது பிரித்துவிட்டால், அண்ணாச்சி மறுபடியும் உங்களைத்தான் கேட்பார்.

கட்டுப்பாட்டகம் கட்டடம் போல ஒலிக்கிறது என்கிறீர்கள். கணினியின் சி.பி.யு.வை ‘மையச் செயலகம்’ என்று தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எழுதுகின்றன. அதைப் படித்துவிட்டு எந்தப் பிள்ளையும் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு வண்டி ஏறியதாகத் தெரியவில்லை. ஓர் இடத்தில் அமர்ந்து மற்ற உறுப்புகளுக்கு ஆணையிடும் பொருளுக்கு அகம் என்னும் ஈறு ஏற்கெனவே பழகிவிட்டது. வினையெச்ச மயக்கமும் அதில் இல்லை. நீங்களே காட்டிய குறைக்கு அதுவே மருந்து. ஆகவே எரிபொருள் எக்கிக் கட்டுப்பாட்டகம், எஞ்சின் கட்டுப்பாட்டகம், பல்லிணைப் பெட்டிக் கட்டுப்பாட்டகம் என்று ஒரே அச்சில் வார்க்கலாம்.

தில்லியிலிருந்து,
தங்கள் அன்புள்ள உறுப்பினர்

*

அன்புள்ள அம்மா, வணக்கம்.

பல்லிணைப் பெட்டியை நான் யோசிக்கவே இல்லை. அந்த ஒன்றிலேயே என் பெட்டி நொறுங்கிவிட்டது. செயலகத்தையும் காட்டிய பிறகு, அகம் பற்றிய என் தயக்கம் பழக்கக் குறைவால் வந்ததே தவிரச் சொல்லின் குறை அல்ல என்று ஒப்புக்கொள்கிறேன்.

நேற்று மாலை குர்லாவுக்குப் போய் இரண்டு சொற்களையும் அந்தப் பையனிடமே படிக்கக் கொடுத்தேன். கட்டுப்பாட்டகத்தை முதல் முறை எழுத்துக் கூட்டினான், இரண்டாம் முறை சரளமாகப் படித்தான். எங்கே இருக்கும் என்று கேட்டதற்கு டேங்கைக் காட்டாமல் வண்டியின் பின்புறம் ஸ்டெப்னியைக் காட்டினான். எனக்கு அது போதும். அண்ணாச்சி மட்டும், தேர்வில் கேட்பவர் ஆங்கிலத்தில்தான் கேட்பார், ஆகவே ‘கண்ட்ரோல் மாட்யூல்’ என்ற ஒலிப்பையும் சொல் முதலில் வரும் இடத்தில் சேர்த்து எழுதுங்கள் என்றார். அதுவும் நியாயம்.

அட்டவணையில் எவ்வளவு இடம் குறைந்தாலும் இனி ‘கட்டுப்பாட்டகம்’ சுருக்கப்படாது. ‘தொகுதி’ டேங்குக்குள் இருப்பதற்கு மட்டுமே. பழுதுநீக்கும் பகுதியில் எஃப்-150க்கான வரிகளைப் பின்வருமாறு மாற்றிவிட்டேன்:

“பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றிய பின் ஸ்டெப்னியை இறக்கவும். அதற்கு மேலே குறுக்குச் சட்டத்தில் இருப்பது எரிபொருள் எக்கிக் கட்டுப்பாட்டகம், அதாவது ஃபியூயல் பம்ப் கண்ட்ரோல் மாட்யூல். ஃபோர்டு நூல்களில் இதற்கு டிரைவர் மாட்யூல் என்று பெயர். கப்ளரைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டுப் பூட்டை அழுத்திக் கப்ளரை இழுக்கவும். டேங்கையும் அதனுள் இருக்கும் எரிபொருள் எக்கித் தொகுதியையும் இந்த வேலைக்குத் தொட வேண்டியதில்லை.”

சயானிலிருந்து,
மொழிபெயர்ப்பாளன்